எந்தத் தோட்டம்? – மலையகத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு கேள்வி

வேலையொன்றை ஏற்குமுன் அந்த இடத்தைப் பற்றியும் அதன் முதலாளியைப் பற்றியும் விசாரித்தறிவது நம்மில் படித்தவர் யாவரும் இயல்பாகச் செய்யும் காரியம். சம்பளம் தவறாது கிடைக்குமா, மேலிருப்பவர் எத்தகையவர், தங்க இடமுண்டா, நல்ல தண்ணீருண்டா என்று நாலு பேரைக் கேட்கிறோம். ஆசிரியர் ஒருவருக்கு இடமாற்றம் வந்துவிட்டால், போய்ச் சேரவேண்டிய பாடசாலையின் அதிபரது குணநலன்களை அறிந்துகொள்ள அவருக்கு இரண்டு நாள் போதும். இவ்விசாரிப்பு ஓர் உரிமை என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. மூச்சு விடுவதை யாரும் உரிமை என்று எண்ணுவதில்லையல்லவா? ஆயின் இந்தச் சிறு உரிமைக்காகவே ஒரு மக்கட்கூட்டம் இத்தீவின் மலைகளிலே நூறாண்டு காலம் அல்லாட வேண்டியிருந்தது. கோப்பி எத்தனை அந்தர், தேயிலை எத்தனை இறாத்தல் என்று கணக்கிட்டு எழுதப்பட்ட வரலாறுகள் பலவுண்டு. அவற்றைப் பறித்தவன் தான் வேலை செய்யும் தோட்டத்தை எவ்வாறு தெரிந்தெடுத்தான், தெரிந்தெடுக்க அவனுக்கு இடமிருந்ததா என்ற கேள்வி அவற்றில் அருகியே காணப்படுகிறது. நாம் இங்கே அக்கேள்வியைப் பின்பற்றிச் சற்றுத் தூரம் போய்ப் பார்க்கலாம்.

முதலில் மறுபக்கத்தைக் காண்போம். ஸ்கொத்லாந்திலிருந்து தோட்டத் தொழில் பழக வந்த ஓர் இளைஞனுக்கு இந்நாட்டுத் தோட்டங்களைப் பற்றி அறிய வேண்டியதெல்லாம் அச்சிலேயே கிடைத்தது. பெர்கசன் குடும்பத்தார் கொழும்பிலே வெளியிட்டுவந்த பெரிய விவரத்திரட்டில் ஒவ்வொரு தோட்டத்தின் பெயர், பரப்பு, சொந்தக்காரர், முகவர், மேற்பார்வை செய்யும் துரை என்பன நிரலாக அச்சாகியிருந்தன. 1854ஆம் ஆண்டிலே தோட்டத்துரைமார் தமக்கென ஒரு சங்கமும் நிறுவிக்கொண்டனர். தொழிலாளியோடு பேசுவதற்கும் புத்தகம் இருந்தது. சின்னத்துரைமாருக்கென ஆக்கப்பட்ட சிறு தமிழ்க் கைந்நூல் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. பெயரே ஏவல்! துரைக்குத் தமிழ் வேண்டியிருந்தது எதற்காக என்பதை அந்தத் தலைப்பு ஒன்றே சொல்லிவிடுகிறது. மறுதலையாக, துரைமாரை விசாரித்தறியும் கைந்நூல் ஒன்றைத் திருச்சிராப்பள்ளிச் சேரியிலோ புதுக்கோட்டைக் கிராமத்திலோ எவரும் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. அச்சிட்டிருந்தாலும் வாசிப்பதற்கு அங்கே பள்ளிக்கூடம் இல்லை.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் புறப்பட்ட இம்மக்களிற் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான சாதியினர், நிலமற்ற பண்ணையாட்கள். பண்ணையாளுக்கு முதலாளியைத் தெரிந்தெடுக்கும் பேச்சே இல்லை. தகப்பன் எந்த மிராசுதாருக்கு உழைத்தானோ மகனும் அவருக்கே உழைத்தான். இப்படிப்பட்டவன் முன்னே ஒருநாள், நல்ல வேட்டியும் தலைப்பாகையுமாகக் கங்காணி வந்து நின்றான். அவன் அந்நியனல்லன். அதே ஊரான், பல வேளைகளில் மாமன், மச்சான் முறையினன். கடலுக்கப்பால் உள்ள முதலாளியைப் பற்றித் தொழிலாளிக்குக் கிடைத்த முதலாவது செய்தியும், பெரும்பாலும் ஒரேயொரு செய்தியும், கங்காணியின் வாயிலிருந்து வந்ததே. அச்செய்தியைச் சொல்வதிலே அவனுக்கு ஆதாயமும் இருந்தது. கூட்டிச்செல்லும் தலையொன்றுக்கு ஒரு தொகை. பின்னர் அவனுடைய ஆட்களில் எத்தனை பேர் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்குகிறார்களோ அத்தனை பேருக்கும் நாள்தோறும் தலைக்காசு. விற்பவனையே தரகனாகவும் சாட்சியாகவும் கொண்டு பொருள் வாங்குபவன் நிலை எதுவோ அதுவே தொழிலாளியின் நிலை.

தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்குமென்று சொல்லி ஏமாற்றி அழைத்துவந்தார்கள் என்ற கதை மலையகத்தில் இன்றும் வழங்குகிறது. இக்கதையை எடுத்துக்கொண்டு, அதை நம்பிவந்த பேதைகள் என்று இம்மக்களைச் சித்திரிக்கும் எழுத்தாளர் நம்மிடையே உண்டு. இது பெரும் அநீதி என்பது நமது கருத்து. தம்மை ஏய்த்தவனைக் கேலிசெய்து தாமே கட்டிய கதையை, அவர்களுடைய அறியாமைக்குச் சான்றாகக் காட்டுவது எவ்வகையில் நியாயம்? அவர்கள் விசாரித்தார்கள். விசாரிக்க வழியிருந்த காலத்தில் நன்றாகவே விசாரித்தார்கள்.

அவ்வழி இருந்த காலம் கோப்பிக் காலம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கே பெருந்தொகையான ஆட்கள் வேண்டியிருந்தனர். ஆகவே தொழிலாளர் கூட்டங்கூட்டமாகக் கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகக் கால்நடையாகத் தம்புள்ளை, மாத்தளை வழியே மலையேறி, அறுவடை முடிந்ததும் வந்த வழியே ஊர் திரும்பினர். அவ்வழியிலே வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் கொள்ளைகொண்ட உயிர்களுக்குக் கணக்கில்லை. இருந்தும், திரும்பி வந்தவன் ஒவ்வொருவனும் ஊருக்கு ஒரு செய்தியைக் கொண்டுவந்தான். இன்ன துரை கைநீட்டுவான். இன்ன தோட்டத்தில் அரிசி குறையும். இன்ன மலையில் குளிர் தாங்காது. இன்னவன் சம்பளத்தை மாதக்கணக்காக இழுத்தடிப்பான் என்று அடுத்த பருவத்துக்கு முன்னரே சேரியில் யாவருக்கும் தெரிந்துவிடும். துரைமார் தம் தோட்டங்களுக்குத் தாய்நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டிக்கொண்டிருக்க, தொழிலாளர் அவற்றுக்குத் தமிழிலே தமக்கென வேறு பெயர்களை வழங்கினர் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலப் பெயர் முகவருக்கும் வங்கிக்கும் உரியது; தமிழ்ப் பெயரோ ஊர் திரும்பியவன் வாய்வழியே பயணஞ்செய்யக்கூடியது.

இந்த வாய்மொழி அறிவுக்கும் ஓர் எல்லை இருந்தது. துரையின் குணத்தை அது அறியும். துரையின் கடனை அது அறியாது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. இடையிலே 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிவந்தவன், எந்தத் தோட்டம் என்று கேட்கும் நிலையில் இருக்கவில்லை. கஞ்சி எங்கே என்பதே அவன் கேட்ட கேள்வி. இங்கு வந்து சேர்ந்தபோதோ, அவனை ஏற்ற தோட்டங்கள் பலவும் உள்ளே உளுத்துப்போயிருந்தன. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்துவந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்து வீழ்ந்தது. வங்கியும் முகவரும் ஈட்டுக்காரரும் தத்தம் பங்குக்கு முந்திக்கொள்ள, மாதக்கணக்காகச் சம்பளம் பாக்கியாய் நின்ற தொழிலாளி கடைசியில் நின்றான். அவ்வாண்டிலேயே தொழிலாளியின் சம்பளத்தைத் தோட்டத்தின் மீதான முதற் கடனாக்கிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒரு முதலாளி முறியப்போகிறான் என்பதை அவனிடம் வேலை செய்பவனே கடைசியாக அறிகிறான். கணக்குப் புத்தகம் அவன் கண்ணிற் படாதவரை, எத்தனை கெட்டிக்காரனாயிருந்தும் பயனில்லை.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெயிலர் இட்ட விதை மலைநாடெங்கும் பரவியது. இம்மாற்றத்தைப் பயிர்மாற்றமாக மட்டும் கண்டு கடந்துவிடுவது வழக்கம். நமது கேள்விக்கோ இது பெருந்திருப்பம். தேயிலைக் கொழுந்துக்குப் பருவமில்லை; ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டும். ஆகவே தொழிலாளி குடும்பத்தோடு வந்து லயத்துக் காம்பராவிலே குடியேறினான். ஆண்டுதோறும் ஊர் திரும்பியவர்களின் ஓட்டம் மெலிந்தது. அவர்கள் கொண்டுசென்ற செய்தியும் மெலிந்தது. முன்பு ஒரு பருவத்துக்காகத் தோட்டத்தைத் தெரிந்தெடுத்தவன், இப்போது பிள்ளைகுட்டிகளின் வாழ்வுக்குமாகத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. அறிய வேண்டியது பெருகிய அதே வேளையில் அறியும் வழி குறுகியது.

குறுகிய வழியையும் அடைத்தது ‘துண்டு’. இதன் இயக்கத்தைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டும். பெயரைக் கேள்வியுற்ற பலரும் அது எவ்வாறு வேலை செய்தது என்பதை அறிந்திருப்பதில்லை.

ஊரிலிருந்து புறப்படும்போதே தொழிலாளி கடனாளி. வழிச்செலவு, சாப்பாடு, துணி, ஊரிலே தீர்த்துவிட்டு வந்த பழங்கடன் எல்லாம் கங்காணி கொடுத்த முன்பணம். கங்காணிக்கு அதைக் கொடுத்தது தோட்டம். ஆகவே தொழிலாளி கங்காணிக்குக் கடன். கங்காணி துரைக்குக் கடன். தோட்டத்தைவிட்டு விலக விரும்பினால், இன்ன கங்காணியையும் அவனுடைய இத்தனை ஆட்களையும் இவ்வளவு ரூபா செலுத்தினால் விடுவிப்பேன் என்று துரை ஒரு காகிதத் துண்டிலே எழுதிக் கொடுப்பார். அத்துண்டை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டந்தோட்டமாக ஏறி இறங்குவான். வேறொரு துரை அத்தொகையைச் செலுத்திக் கூட்டத்தை முழுதாக எடுத்துக்கொள்வார்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பது பேர் கொண்ட கூட்டத்தின்மீது 1,500 ரூபா கடன் என்று துண்டு கூறுவதாகக் கொள்க. ஆளுக்கு ஐம்பது ரூபா. கொழுந்து முற்றிப் போகுமுன் ஆள் தேடித் தவிக்கும் துரை 1,500 ரூபாவைக் கட்டுவதோடு, கங்காணியை இழுப்பதற்கு மேலும் 300 ரூபா முன்பணம் கொடுக்கிறார். கூட்டம் இடம்மாறும்போது கடன் 1,800 ரூபா; ஆளுக்கு அறுபது. மேலதிக முன்னூறு கங்காணியின் மடிக்குள் போய்விட்டது. ஆளுக்குப் பத்து ரூபா என்ற பாரம் மட்டும் தொழிலாளியின் பெயரில் ஏறியது. அவன் எதை வாங்கினான்? ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு நடந்தான், அவ்வளவே.

இங்கே வேலையிடத்தைப் பற்றிய விசாரிப்பு நடைபெறவேயில்லை என்று சொல்ல முடியாது. மிக நுட்பமாகவே நடைபெற்றது. கங்காணி விசாரித்தான்: எந்தத் துரைக்கு ஆள் பற்றாக்குறை, யார் அதிக முன்பணம் தருவார், யார் தலைக்காசைக் கூட்டுவார் என்று. தொழிலாளிக்கு வேண்டியிருந்த விசாரிப்போ வேறு: லயம் ஒழுகுமா, பீலித் தண்ணீர் எவ்வளவு தூரம், அரிசி எப்படி, காய்ச்சல் வந்தால் மருந்துண்டா, கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டு ஏமாற்றுவானா என்பன. முதலாமவனுக்கு நல்ல தோட்டமாகத் தோன்றுவது இரண்டாமவனுக்குப் பெரும்பாலும் கெட்ட தோட்டமே. எவரும் நிற்க விரும்பாத தோட்டத்தின் துரைதானே கூடுதலான முன்பணம் கொடுத்தாக வேண்டும்! கெட்ட பெயரெடுத்த முதலாளி அப்பெயரின் விலையைக் கங்காணிக்குச் செலுத்தினான். கங்காணி அதைத் தொழிலாளியின் கடனாக எழுதினான். ஈற்றில் முதலாளியின் கெட்ட பெயருக்குத் தொழிலாளியே விலை கொடுத்தான். சுரண்டலின் கெட்டிக்காரத்தனம் இதற்குமேல் எங்கே போக முடியும்?

உண்மை தெரிந்தவன் விட்டு விலகலாமே என்று மாணவ நண்பர்கள் கேட்கக்கூடும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்குப் பதில் சொல்லும். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டுச் செல்வது அச்சட்டத்தின்கீழ்க் குற்றம், தண்டனை சிறை. முதலாளியும் தொழிலாளியும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொழிலாளி முறித்தால் நீதவான் முன்னே குற்றவாளியாய் நின்றான். முன்னறிவித்தல் கொடுக்கலாம், ஆனால் துண்டின்றி வரும் ஆளை மற்றத் தோட்டம் ஏற்காது. சட்டம் ஒரு கதவு; வழக்காறு இன்னொரு கதவு. இரண்டையும் மீறி இரவோடிரவாக ஓடியவர் பலர். அவர்கள் வெறுங்கையோடு ஓடவில்லை. விட்டுவந்த தோட்டத்தின் உண்மைச் செய்தியைச் சுமந்து ஓடினர். ஒரு லயத்தில் ஒளிந்து தங்கிய ஓடுகாலி அன்றிரவு அடுப்படியில் பேசியதைவிட நம்பத்தகுந்த தகவல் அக்காலத்தில் வேறெங்கும் கிடைத்திராது. ஒருவர் தோட்டத்து ஆட்களை மற்றவர் ஆசைகாட்டி இழுப்பதாகத் துரைமார் தமக்குள்ளே ஓயாது பூசலிட்டனர் என்பதிலிருந்து, எத்தனை பூட்டுப் போட்டும் தொழிலாளர் நகர்ந்துகொண்டே இருந்தனர் என்பதை ஊகிக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சேர்ப்பு இன்னும் ஒழுங்குபடுத்தப்பட்டது. துரைமாரின் தொழிலாளர் ஆணையகம் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தலைமையிடம் கொண்டு இயங்கத் தொடங்கியது. தகரச் சீட்டு முறையும் இக்காலத்ததே. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரவட்டு ஒன்று தொழிலாளிக்கு அளிக்கப்பட்டது. அதை அணிந்துகொண்டு புறப்பட்டால் வழிநெடுக உள்ள உத்தியோகத்தர் அவனை உரிய தோட்டத்தில் ஒப்படைப்பர். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பொதியின்மீது முகவரி ஒட்டுவது போன்ற ஏற்பாடு. தான் போய்ச் சேரும் இடம் எது என்பது தொழிலாளியின் உடம்பிலேயே தொங்கியது. அதைப் படிக்கக்கூடியவர்கள் மற்றவர்கள்.

1917இல் வெளிவந்த மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரின் அறிக்கை தொழிலாளரின் கடன்சுமையைச் சென்னை அரசாங்கத்தின் கண்முன் வைத்தது. இந்தியாவில் ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1921இல் துண்டு சட்டவிரோதமாக்கப்பட்டது. 1922இல் இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்தது. 1923 முதல் ஆட்சேர்ப்புச் செலவைத் தோட்டங்களின் பொது நிதியே ஏற்க, தொழிலாளி கடனின்றிக் கரையிறங்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவரும் கண்டியில் அமர்ந்தார். 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டபோது, மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் தாழ்ந்த பகுதியில் 50 சதமும் என்றாயிற்று. சம்பளம் எவ்வளவு என்பது முதன்முறையாக எவரும் கேட்டறியக்கூடிய பகிரங்க எண்ணாகியது.

காகிதத்தில் விடுதலை வந்துவிட்டது. தோட்டத்து வாயில் மட்டும் திறக்கவில்லை. தோட்டம் தனியார் காணி. உள்ளே வரும் அந்நியன்மீது அத்துமீறிப் பிரவேசித்த குற்றம் சாட்டலாம். பத்திரிகைக்காரன், சங்கக்காரன், சட்டத்தரணி எவனாயினும் துரையின் அனுமதியின்றி லயத்துப் பக்கம் போகவியலாது. துணிப் பொதி சுமந்த வியாபாரிக்கு மாத்திரம் விலக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடந்தாங்கித் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது மலையகம் மறவாத செய்தி. இதனை வீரச் செயலென்று போற்றுகிறோம், போற்றத்தக்கதே. ஆனால் அவர் உள்ளே போய்ச் செய்தது என்ன என்பதையும் கவனிக்க வேண்டும். சம்பளம், கடன், லயம், துரையின் நடத்தை ஆகியவற்றை விசாரித்து வந்தார். தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடந்த அடுப்படிச் செய்திகள் 1920களில் அவர் நடத்திய தமிழ்ப் பத்திரிகைகளில் அச்சேறின. பெர்கசனின் விவரத்திரட்டு முதலாளிமாருக்குச் செய்ததை அவை முதன்முறையாகத் தொழிலாளருக்குச் செய்தன. 1931இல் அவர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்துக்கு இவ்வறிவே மூலதனம்.

1937இல் இன்னொரு திசையிலிருந்து செய்தி கசிந்தது. மடுல்கலைப் பகுதியில் ரெலுகாஸ் தோட்டத்தில் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டில், சமசமாஜக் கட்சியில் சேர்ந்து பொதுமேடைகளில் துரைமாரின் சுரண்டலை எடுத்துரைத்தார். வெளியாள் உள்ளே புகுந்ததற்கு அத்துமீறல் வழக்கு. உள்ளிருந்தவன் வெளியே வந்து சொன்னாலோ நாடுகடத்தற் கட்டளை! தேசாதிபதி ஸ்டப்ஸ் பிறப்பித்த அக்கட்டளை செல்லாதென்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வெள்ளைக்கார இளைஞன் வாய்திறந்ததற்கு ஏகாதிபத்தியம் இத்தனை பதறியதேன் என்று அக்காலத்தில் பலர் வியந்தனர். இதுவரை நாம் கண்டுவந்த வரலாற்றை நோக்கின் வியப்புக்கு இடமில்லை.

1939இல் இந்திய அரசாங்கம் சாதாரணத் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள்கட்டும் காலம் அத்துடன் முடிந்தது. ‘எந்தத் தோட்டம்?’ என்ற கேள்வியைக் கடலுக்கப்பாலிருந்து கேட்பார் இல்லாது போயினர். இங்கே பிறந்து வளர்ந்தவர்களிடையே அது வேறோர் இடத்தில் கேட்கப்பட்டது: கலியாணப் பேச்சில். தோட்டம் விட்டுத் தோட்டம் பெண் கொடுக்கும் பெற்றோர் மாப்பிள்ளையை விசாரிப்பதோடு நிற்கவில்லை. தண்ணீர்க் குழாய் லயத்துக்கு அருகிலா, மலை செங்குத்தா, அட்டை மிகுதியா, பிள்ளைக் காம்பரா உண்டா, கங்காணி வாய் எப்படி என்பதையும் கேட்டனர். மகள் வாழப்போகும் வீட்டையும் அவள் வேலைசெய்யப் போகும் இடத்தையும் அவர்கள் ஒருசேர விசாரித்தனர். அவள் தாலியேறிய கையோடு அந்தத் தோட்டத்துச் செக்ரோலில் பேர் பதிய வேண்டியவள். கொழுந்துக் கூடை சுமப்பவள் அவள். உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம் விதித்த சட்டம் அவளுக்கு 43 சதமே விதித்தது; ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் அவளுக்குக் கிடைக்க 1984ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கலியாணப் பேச்சிலும் கேட்டவர்கள் தகப்பனும் மாமனும். அவள் காம்பராவுக்குள்ளே தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள்.